தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளை: வீடும் நட்பும் செய்ய வேண்டியது என்ன? – வாசகர் கேள்வி பதில்

பதின்பருவப் பிள்ளைகளைப் பற்றி வந்த கடிதங்களில் ஒரே வலி திரும்பத் திரும்ப வந்ததால், இந்த இதழின் கேள்வி பதில் பகுதியை முழுக்க அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டோம். பதில் எழுதியவர்கள் மனநல மருத்துவர்களும் பள்ளி ஆலோசகர்களும் கொண்ட எங்கள் குழுவினர்.

உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ இப்போதே உதவி வேண்டுமென்றால், படித்து முடிக்கும்வரை காத்திருக்காதீர்கள். 14416 டெலிமானஸ், இந்திய அரசின் மனநல உதவி எண்: 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. தமிழ்நாட்டில் 104. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு 1098. இலங்கையில் 1926.

பத்தாவது படிக்கும் மகளுக்குத் தலையில் எண்ணெய் தேய்க்கும்போது நைட்டியின் கை விலகியது. முழங்கைக்கு மேலே வரிவரியாகத் தழும்புகள். "பூனை கீறிடுச்சு" என்றாள். எங்கள் வீட்டில் பூனையே கிடையாது. கணவருக்குத் தெரிந்தால் அடித்துவிடுவார். ஒரு வாரமாகத் தூக்கமில்லை. என்ன செய்வது?
– வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பூனை என்று அவள் சொன்னதும் அங்கேயே சண்டை போடாமல் விட்டீர்களே, அது நல்லதாயிற்று. அதனால்தான் இனிமேல் பேசுவதற்கு இடம் இருக்கிறது.

எதற்காக இப்படிச் செய்கிறாள் என்பது தெரிந்தால்தான் என்ன பேசுவது என்பது தெரியும். அவமானம், கோபம், தன்மேலேயே வெறுப்பு, சில சமயம் ஒன்றுமே உணர முடியாத மரத்துப்போன நிலை. இவை தாங்க முடியாத அளவுக்கு ஏறும்போது உடம்பின் வலி அதைச் சில நிமிடம் அமுக்கிவிடுகிறது. அந்தச் சில நிமிட நிம்மதிதான் பழக்கமாகிறது. பிறகு குற்றவுணர்வு வரும். "நான் மோசமானவள்" என்ற எண்ணம் கூடும். அதுவே அடுத்த முறைக்குக் காரணமாகும். பொதுவாக 12 முதல் 14 வயதில் தொடங்கி, 15, 16 வயதில் அதிகமாகும். பெரும்பாலான பிள்ளைகள் சாக வேண்டும் என்று இதைச் செய்வதில்லை. ஆனால் இப்படிச் செய்யும் பிள்ளைகளுக்குப் பின்னாளில் தற்கொலை ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல். அதனால் "தானாகச் சரியாகிவிடும்" என்று விட்டுவிடவும் கூடாது.

எதிரே உட்கார வைத்து விசாரிக்காதீர்கள். பூண்டு உரிக்கும்போதோ மாடியில் துணி மடிக்கும்போதோ பக்கத்தில் உட்கார்ந்து, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிராமல் பேசுங்கள். "எண்ணெய் தேய்க்கும்போது பார்த்தேன் கண்ணு. பூனை இல்லைன்னு எனக்குத் தெரியும். திட்ட மாட்டேன். உள்ள எவ்வளவு வலிச்சிருந்தா இப்படிப் பண்ணியிருப்பேன்னுதான் நினைச்சேன். இப்பவே சொல்லணும்னு இல்லை." இவ்வளவு போதும். அதன்பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும், கடினமான வேலை அதுதான். மனதுக்குள் அறுபது வரை எண்ணுங்கள். முதல் நாள் அவள் எழுந்து போய்விடலாம். இரண்டு நாள் கழித்து இதே தொனியில் இன்னொரு முறை சொல்லுங்கள். பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது முறைதான் பிள்ளைகள் வாய் திறப்பார்கள்.

எத்தனையோ வீடுகளில் பாசத்தினாலேயே சொல்லப்பட்டு விபரீதமாகும் சில வார்த்தைகள் உண்டு. "உனக்கு என்ன குறை வச்சோம்?" என்று கேட்டால் அவளுக்கு "உன் வலிக்குக் காரணமே இல்லை" என்று கேட்கிறது. "இன்னொரு தடவை பண்ணினா நான் செத்துப்போவேன்" என்றால், உங்கள் உயிரையும் அவளே சுமக்க வேண்டியிருக்கிறது. எல்லாவற்றையும்விட ஆபத்தானது, "என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணு" என்பது. அவள் சத்தியம் செய்வாள், அந்த நிமிடம் மனதாரத்தான் செய்வாள். பத்து நாள் கழித்து அந்த உந்துதல் திரும்பி வரும்போது, சத்தியத்தை மீறினால் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயமும் சேர்ந்துகொள்ளும். அடுத்த காயம் உங்கள் கண்ணில் படாத இடத்துக்குப் போகும், பேச்சும் நின்றுவிடும். சத்தியத்துக்குப் பதிலாக, "அப்படித் தோணும்போது என்னை எழுப்பு, ராத்திரி எத்தனை மணியா இருந்தாலும்" என்று சொல்லுங்கள்.

ஒரு கேள்வியை மட்டும் சுற்றி வளைக்காமல் கேட்டே ஆக வேண்டும்: "செத்துப்போயிடலாம்னு தோணியிருக்கா?" கேட்பதால் இல்லாத எண்ணம் முளைக்காது. உள்ளே அடைத்து வைத்திருந்ததைச் சொல்ல வழி கிடைத்த நிம்மதிதான் பல பிள்ளைகளுக்கு. "ஆமாம்" என்று சொல்லி, எப்படி, எப்போது என்பதையும் யோசித்து வைத்திருந்தால் தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

புதிய காயம் இருந்தால் ஓடும் நல்ல தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் பத்து நிமிடம் இடைவிடாமல் அழுத்திப் பிடியுங்கள். நடுவே எடுத்து எடுத்துப் பார்த்தால் ரத்தம் உறையாது. காப்பித்தூள், மஞ்சள், பற்பசை எதையும் வைக்காதீர்கள். பத்து நிமிடத்துக்குப் பிறகும் நிற்காவிட்டாலோ, காயம் வாய் பிளந்திருந்தாலோ, விரல் மரத்துப்போனாலோ மருத்துவமனைதான். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் ஆனது என்றும் கேட்பார்கள். மாத்திரையையோ வேறு எதையோ விழுங்கியதாகச் சொன்னால், பிள்ளை நன்றாக நடமாடினாலும் உடனே கொண்டுபோக வேண்டும். சில மாத்திரைகளின் பாதிப்பு இரண்டு நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும்.

வீட்டில் இருக்கும் மாத்திரைகள், பூச்சிமருந்து, எலிமருந்து எல்லாம் இன்றே பூட்டுக்குள் போகட்டும், சாவி உங்கள் இடுப்பில் இருக்கட்டும். இது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். 1995ஆம் ஆண்டு தொடங்கி இலங்கை கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் அங்கே தற்கொலை விகிதம் பாதிக்கும் கீழே போனது. அந்த வேகம் ஏறும் நேரத்தில் கைக்கு எட்டாமல் இருப்பதே உயிரைக் காப்பாற்றுகிறது. அவளுடைய பையையும் மேஜையையும் மட்டும் அவள் இல்லாதபோது துழாவாதீர்கள். "எதுனால பண்ணுறியோ அதை நீயே என்கிட்ட குடு, நான் வச்சிருக்கேன்" என்று கேளுங்கள். அவளாகவே கொடுத்ததுக்கு இருக்கும் பலன், நீங்கள் கண்டுபிடித்து எடுத்ததுக்கு இருக்காது.

கணவரிடம் சொல்லாமல் இருக்க முடியாது, ஆனால் அவளுக்குத் தெரியாமல் சொல்லக் கூடாது. "அப்பாகிட்ட நான் சொல்லப்போறேன், என்ன சொல்லணும்னு நீ சொல்லு" என்று முதலில் அவளிடம் கேளுங்கள். அடிப்பார் என்ற பயம் நிஜமானால், அவர் மதிக்கும் ஒருவரை, உங்கள் அண்ணனையோ அவருடைய அக்காவையோ, கூட வைத்துக்கொண்டு சொல்லுங்கள். அதைவிட நல்ல வழி, மருத்துவரிடம் அவரையும் அழைத்துப் போய் அங்கே தெரியவைப்பது. மனைவி சொன்னால் கேட்காத பல அப்பாக்கள் "அடிச்சா இது அதிகமாகும்" என்று டாக்டர் சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள். அது உண்மையும்கூட. அடியும் அவமானமும் எந்தக் கொந்தளிப்பை அடக்க அவள் இதைச் செய்கிறாளோ அதையே பெருக்குகின்றன. அதையும் மீறி அடித்தால் அவளுக்காக 1098, உங்களுக்குப் பெண்கள் உதவி எண் 181.

மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. காலையில் ஓ.பி. சீட்டு போட்டால் போதும். மருத்துவர் அவளிடம் தனியாகப் பேச வேண்டும் என்பார், வெளியே போய் உட்காருங்கள். இந்தப் பழக்கத்தை நிறுத்துவதற்கென்று தனியாக மாத்திரை கிடையாது. மனச்சோர்வோ பதற்றமோ சேர்ந்திருந்தால் அதற்குத்தான் மருந்து. முக்கிய சிகிச்சை, வாரம் ஒருமுறை என்ற கணக்கில் சில மாதங்கள் பேசிப் பழகுவது. மூன்றாவது வாரமே "இன்னும் சரியாகலையே" என்று நிறுத்திவிடாதீர்கள்.

இதெல்லாம் மற்றவர் கவனத்தை இழுக்கச் செய்வதுதானே? கண்டுகொள்ளாமல் விட்டால் நின்றுவிடாதா?
– வாசகர், கும்பகோணம்

கவனத்துக்காகச் செய்கிறவர்கள் சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டு மறைப்பதில்லை. இங்கிலாந்தில் 41 பள்ளிகளில் 15, 16 வயது மாணவர்கள் சுமார் 6,000 பேரிடம் நடத்திய ஆய்வு 2002இல் வெளிவந்தது. முந்தைய ஒரு வருடத்தில் தன்னைக் காயப்படுத்திக்கொண்டதாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு ஏழு பேர். அந்தச் சம்பவங்களில் ஆஸ்பத்திரி வரை வந்தவை எட்டில் ஒன்றுதான். மற்றவை எல்லாம் மறைந்தே கிடந்தன. ஒரு பிள்ளை உண்மையிலேயே கவனத்துக்காகச் செய்தாலும், கேட்கும் வழி தவறாக இருக்கிறதே தவிர, கேட்கும் பொருள் நியாயமானது. காயமில்லாத நாட்களில் அந்தக் கவனத்தைக் கொடுங்கள்.

என் ஃபிரெண்டு கையைக் கிழிச்சுக்கிறா. என்கிட்ட மட்டும்தான் சொல்லியிருக்கா, யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. தினமும் ராத்திரி ஒரு மணி, ரெண்டு மணி வரைக்கும் மெசேஜ். ரிப்ளை பண்ணலைன்னா "திரும்பப் பண்ணிடுவேன்"னு சொல்றா. சொல்லிட்டா என்னை மன்னிக்கவே மாட்டா. நான் என்ன பண்ணட்டும்?
– பதினொன்றாம் வகுப்பு மாணவி, திருநெல்வேலி

உன் வயதுப் பிள்ளைகள் இதை முதலில் சொல்வது அம்மாவிடமோ டாக்டரிடமோ இல்லை, தோழியிடம்தான். உன் தோழியும் சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறாள். ஆனால் நீ மட்டுமே போதும் என்று இருக்க முடியாது. உனக்கும் பதினாறு வயதுதான் ஆகிறது.

அந்தச் சத்தியத்தை நீ மீறலாம். உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் ரகசியம் காப்பது நட்பு ஆகாது. ஆனால் அவள் முதுகுக்குப் பின்னால் போய்ச் சொல்லாதே. முதலில் அவளிடமே சொல்: "இதைத் தனியா வச்சுக்க எனக்குப் பயமா இருக்கு. ஒரு பெரியவங்ககிட்ட சொல்லத்தான் போறேன். யார்கிட்ட சொல்லலாம்னு நீயே சொல்லு, நானும் கூட வரேன்." அவள் யாரையும் சொல்லாவிட்டால் ஒரு நாள் கொடு, அதற்குமேல் வேண்டாம். பிறகு நீயே ஆளைத் தேர்ந்தெடு. கத்தாத, ஸ்டாஃப் ரூமில் போய்ப் பேசாத ஒரு டீச்சர், அவளுடைய அக்கா, உன் அம்மா, யாராக இருந்தாலும் சரி. அவரிடம் மூன்று விஷயம் மட்டும் சொல்: என்ன பார்த்தாய், எப்போதிலிருந்து, சாவதைப் பற்றி அவள் பேசியிருக்கிறாளா. ஸ்க்ரீன்ஷாட் எதையும் யாருக்கும் அனுப்பாதே. அது எங்கெங்கோ போய்விடும்.

ராத்திரி மெசேஜுக்கும் ஒரு எல்லை வேண்டும். பத்து மணிக்கு இப்படி அனுப்பு: "நான் தூங்கப் போறேன்டி. காலைல ஏழு மணிக்கு உனக்கு மெசேஜ் பண்ணுவேன். நடுவுல கஷ்டமா இருந்தா 14416க்குப் பண்ணு, அவங்க முழிச்சிருப்பாங்க." சொன்னபடி காலை ஏழு மணிக்கு மறக்காமல் அனுப்பு. அதுதான் அவளுக்கு நம்பிக்கை தரும். "இப்பவே சாகப்போறேன்" என்று சொன்னால் சாட்டில் உட்கார்ந்து சமாதானம் செய்துகொண்டிருக்காதே. அம்மாவை எழுப்பு, அவள் வீட்டுக்கு போன் போடச் சொல், 108ஐயும் கூப்பிடுங்கள்.

காயத்தைக் காட்டு என்று அவளிடம் கேட்காதே, எப்படிச் செய்தாய் என்றும் கேட்காதே. கொஞ்ச நாள் உன்மேல் கோபமாக இருப்பாள். மதியம் சாப்பிடும்போது பழைய இடத்திலேயே அவள் பக்கத்தில் உட்கார். நீ பதில் போடாத ஒரு ராத்திரியில் அவள் காயப்படுத்திக்கொண்டாலும், அது உன்னால் நடந்தது இல்லை. இதை நீ நம்ப வேண்டும். கேட்டுக் கேட்டு உனக்கே அப்படிச் செய்யத் தோன்றினால், வெட்கப்படாமல் அன்றைக்கே ஒரு பெரியவரிடம் சொல்லிவிடு.

ஒன்பதாவது படிக்கும் மகனின் கூட்டாளிகளில் ஒரு பையன் இதை ஆரம்பித்தான். இப்போது என் மகனோடு சேர்த்து மூன்று பேர். போனைப் பிடுங்கிவிட்டேன். அந்தப் பையன்களோடு பேச்சே கூடாது என்று சொல்லிவிட்டேன். செய்தது சரிதானே?
– வாசகர், கோயம்புத்தூர்

உங்கள் பயம் சரி, செய்ததில் பாதிதான் சரி. நண்பர்களிடையே இது பரவும் என்பது உண்மை. மேலே சொன்ன இங்கிலாந்து ஆய்விலும், நண்பர்களோ வீட்டாரோ அப்படிச் செய்திருந்த பிள்ளைகளிடம் இந்தப் பழக்கம் அதிகமாக இருந்தது. ஆனால் ஒருவனைப் பார்த்து இன்னொருவன் கற்றுக்கொள்வது மட்டுமே காரணம் இல்லை. ஏற்கெனவே உள்ளுக்குள் நொந்துபோன பிள்ளைகள் ஒருவரையொருவர் தேடிச் சேர்கிறார்கள். சில சமயம் மூவருக்கும் ஒரே காரணம் இருக்கும்: ஒரே டியூஷன் அவமானம், வேனில் மிரட்டும் ஒரே சீனியர். அதனால் "யார் ஆரம்பிச்சது?" என்பதைவிட "உங்க மூணு பேரையும் எது வாட்டுது?" என்று கேட்டால் விஷயம் கிடைக்கும்.

நண்பர்களை முழுதாக வெட்டிவிட்டால், அவன் மனம் விட்டுப் பேசும் ஒரே இடமும் போய்விடுகிறது. பேச்சு நிற்காது, உங்களுக்குத் தெரியாமல் நடக்கும். நட்பை அப்படியே இருக்கவிட்டு, அது நடக்கும் இடத்தையும் நேரத்தையும் மட்டும் மாற்றுங்கள். மூவரையும் உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், கதவு திறந்திருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை கிரவுண்டுக்குக் கூட்டிப் போங்கள். சேர்ந்து ஓடி விளையாடுவதில் கெடுதல் இல்லை. நள்ளிரவில் தனியறையில் ஒருவர் காயத்தை ஒருவருக்குக் காட்டிக்கொள்வதுதான் கெடுதல்.

போனைத் திருப்பிக் கொடுங்கள், ஆனால் பேசி முடிவு செய்த நிபந்தனைகளோடு. இரவு பத்து மணிக்கு வீட்டில் எல்லோருடைய போனும், உங்களுடையதும் சேர்த்து, ஹாலில் சார்ஜில் இருக்க வேண்டும். ஒருநாள் அவனோடு உட்கார்ந்து அவன் ரீல்ஸில் என்ன வருகிறது என்று பாருங்கள். சோகமான, காயம் காட்டும் வீடியோ ஒன்றில் நின்று பார்த்தால் அதுபோலவே அடுக்கடுக்காக வரும். அவன் கையாலேயே அவற்றில் "ஆர்வமில்லை" என்பதை அழுத்தச் சொல்லுங்கள், அந்தக் கணக்குகளை நீக்கச் சொல்லுங்கள். காயத்தின் படத்தை யாருக்கும் அனுப்பக் கூடாது, வந்தால் பார்க்காமல் அழித்துவிட்டு உங்களிடம் சொல்ல வேண்டும். இந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மற்ற இரண்டு வீட்டாரிடமும் தனித்தனியாகப் பேசுங்கள். "உங்க பையனாலதான்" என்று ஆரம்பித்தால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "என் பையன் கஷ்டத்துல இருக்கான், உங்க பையனும் இருக்கலாம்னு தோணுது, சேர்ந்து பார்ப்போமா?" என்று கேளுங்கள். முதலில் ஆரம்பித்தான் என்று சொல்லப்படும் பையன்தான் இந்த மூவரில் அதிக ஆபத்தில் இருக்கக்கூடியவன். அவனை ஒதுக்கிவிட வேண்டாம்.

எனக்கு 17 வயசு. அப்பா குடிச்சுட்டு வந்தா வீட்ல சண்டை. அண்ணன் "பொம்பளை மாதிரி அழறான்"னு எல்லார் முன்னாடியும் கிண்டல் பண்ணுவான். அப்புறம் நான் என்னையே காயப்படுத்திக்குவேன். நிறுத்தணும்னு நினைக்கிறேன். பத்து நாள் இருப்பேன், அப்புறம் திரும்பவும். என்னால முடியாதா?
– வாசகர், வேலூர் மாவட்டம்

தம்பி, பத்து நாள் நிறுத்த முடிந்திருக்கிறது. பதினோராவது நாள் தவறியதால் அந்தப் பத்து நாள் அழிந்துபோகவில்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பள்ளிப் பருவத்திலிருந்து இளைஞர்களாகும்வரை ஒரே கூட்டத்தைத் தொடர்ந்து கவனித்தார்கள். பதின்பருவத்தில் தன்னைக் காயப்படுத்திக்கொண்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் இருபதுகளில் அதைச் செய்யவில்லை.

அந்த உந்துதல் அலை மாதிரி. ஏறும், உச்சத்தில் நிற்கும், தானே இறங்கும். உச்சத்தில் இருக்கும்போது என்றைக்கும் இறங்காது என்று தோன்றும். அதனால் "இனி எப்போதுமே செய்ய மாட்டேன்" என்று முடிவெடுக்காதே. "அடுத்த பதினைந்து நிமிடம் செய்ய மாட்டேன்" என்று மட்டும் முடிவெடு. முதலில் அந்த அறையை விட்டு வெளியே வா. இது முக்கியம். பழகிய இடமே பாதி உந்துதல். குளிர்ந்த தண்ணீரை முகத்தில் நாலைந்து தடவை அள்ளி அடி. மூச்சு வாங்கும்வரை வேகமாக நட, அல்லது மாடிப்படி ஏறி இறங்கு. பிறகு ஒரு நோட்டில் ஒரே ஒரு வரி எழுது: என்ன நடந்தது, என்ன தோன்றியது, பத்துக்கு எவ்வளவு. "அண்ணன் சித்தப்பா முன்னாடி சிரிச்சான், அவமானம், 9." பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி நம்பர் போடு. 9 என்பது 6 ஆகியிருந்தால் இன்னொரு பதினைந்து நிமிடம். இறங்கவே இல்லை என்றால் போனை எடு. ரப்பர் பேண்டால் சுண்டிக்கொள் என்று சிலர் சொல்வார்கள். நாங்கள் சொல்வதில்லை. மனவலியை உடல்வலியால் அடக்கும் பழக்கம் அதில் அப்படியே இருக்கிறது.

இரண்டு வாரம் எழுதினால் உனக்கே கணக்கு புரியும். சம்பள நாள், சனிக்கிழமை ராத்திரி, சொந்தக்காரர்கள் கூடும் நாள் என்று வரும். அந்த நாளுக்கு முன்கூட்டியே இடம் பார்த்து வை: பெரியப்பா வீடு, நண்பன் வீட்டு மாடி, நூலகம். அப்பாவின் குடியை நிறுத்துவது உன் வேலை இல்லை. அதற்கும் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில்தான் சிகிச்சை தருகிறார்கள். அம்மாவிடம் அதைச் சொல்லி வை.

அண்ணன் கிண்டலைச் சின்ன விஷயமென்று யாராவது சொன்னால் நம்பாதே. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதிப் பிள்ளைகளிடம் 12 வயதில் கேட்டு, 18 வயதில் மறுபடி பார்த்தார்கள். உடன்பிறந்தவரிடம் வாரத்துக்குப் பலமுறை கொடுமைப்பட்டவர்களிடம், அப்படிப் படாதவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு இந்தப் பழக்கம் இருந்தது. "அண்ணன் தம்பின்னா அப்படித்தான்" என்று சொல்லும் பெற்றோர் இந்த வரியை இன்னொரு முறை படிக்க வேண்டும்.

நேரில் சொல்ல வாய் வராவிட்டால் எழுதிக் கொடு: "அத்தை, மனசு ரொம்பக் கஷ்டமாகும்போது என்னை நானே காயப்படுத்திக்கிறேன். நிறுத்தணும், தனியா முடியலை. திட்டாம என்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க." முதலில் சொன்னவர் சரியாகக் கேட்காவிட்டால் அவரோடு நிறுத்திவிடாதே, இரண்டாவது ஆளிடம் போ. இன்றைக்கே ஒரு சீட்டில் மூன்று பெயர் எழுதி பர்ஸில் வை. மூன்றாவது பெயர் கிடைக்காவிட்டால் 14416 என்று எழுது.

என் வகுப்பில் ஒரு மாணவிக்கு இந்தப் பழக்கம் இருப்பது தெரிந்தது. தலைமையாசிரியர் டி.சி. கொடுத்து அனுப்பிவிடலாம் என்கிறார். மற்ற பிள்ளைகளுக்கும் பரவுமே என்கிறார். எப்படிப் பேசுவது?
– ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்

டி.சி. கொடுத்தால் அந்தப் பிள்ளை ஆசிரியர், தோழிகள், மதியச் சாப்பாடு, தினசரி ஒழுங்கு எல்லாவற்றையும் ஒரே நாளில் இழக்கிறாள். மற்ற பிள்ளைகளும் ஒரு பாடம் கற்றுக்கொள்வார்கள்: சொன்னால் வெளியே அனுப்பிவிடுவார்கள். பரவுவது அதனால் நிற்காது, மறைவதுதான் கூடும். இதைத் தலைமையாசிரியரிடம் இப்படியே சொல்லுங்கள்.

அவளுக்கென்று ஒரே ஓர் ஆசிரியர் பொறுப்பாக இருக்கட்டும். தாங்க முடியாதபோது காரணம் சொல்லாமல் வகுப்பை விட்டு அவரிடம் வர அனுமதி வேண்டும். முழுக்கைச் சட்டை போட்டால் சீருடை விதியைக் காட்டித் தடுக்காதீர்கள். பிரேயரில் இதைப் பற்றிப் பேசுவது, வரிசையில் நிறுத்திக் கைகளைப் பார்ப்பது, ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவது, மூன்றும் கூடாது. வகுப்பில் பேசுவதானால் கோபம், அவமானம் வந்தால் யாரிடம் போகலாம் என்று பேசுங்கள், காயத்தைப் பற்றியும் அதைச் செய்யும் விதத்தைப் பற்றியும் வேண்டாம். அவளுடைய நெருங்கிய தோழிகள் இரண்டு மூன்று பேரைத் தனித்தனியாக அழைத்து, "உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். அவர்களை யாரும் கேட்பதே இல்லை.

பெற்றோருக்கு அன்றைக்கே சொல்ல வேண்டும், அவளிடம் சொல்லிவிட்டு. ஒரு விதிவிலக்கு உண்டு. வீட்டில்தான் வன்முறை நடக்கிறது என்றால் முதல் அழைப்பு வீட்டுக்குப் போகக் கூடாது, 1098க்குப் போக வேண்டும். பாலியல் தொந்தரவு என்று தெரிந்தாலோ, அப்படி இருக்கலாம் என்று பட்டாலோ, பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012இன் 19ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது உங்கள் சட்டக் கடமை. பள்ளி மானம் கருதி மறைப்பது குற்றம்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் கேஸ் ஆகிவிடும், பிள்ளையின் படிப்பு கெட்டுவிடும் என்கிறார்களே?
– வாசகி, சேலம்

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், வழக்கு நடத்தித் தண்டிக்கக் கூடாது என்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கியது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவே இல்லை. அவசரப் பிரிவில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) பதிவு போடுவார்கள், போலீஸ்காரர் வந்து வாக்குமூலம் கேட்கலாம். நடந்ததைச் சொன்னால் போதும். "வழுக்கி விழுந்தாள்", "தெரியாமல் குடித்துவிட்டாள்" என்று மாற்றிச் சொன்னால் சிகிச்சைதான் தவறிப்போகும், எதை எவ்வளவு விழுங்கினாள் என்று தெரிந்தால்தான் மருத்துவர் சரியான மருந்து கொடுக்க முடியும். ஓ.பி.யில் மனநல மருத்துவரைப் பார்த்த விவரம் பள்ளிக்கோ கல்லூரிக்கோ போகாது.

மகள் நிறுத்தி எட்டு மாதம் ஆகிறது. அடுத்த மாதம் அவளுடைய அக்காவுக்குக் கல்யாணம். கையில் தழும்பு இருக்கிறது. சொந்தக்காரர்கள் கேட்டால் என்ன சொல்வது என்று எனக்கே பதற்றமாக இருக்கிறது.
– வாசகி, மதுரை

ஜாக்கெட் தைக்கக் கொடுப்பதற்கு முன்னால் அவளைக் கேளுங்கள். முழங்கை வரை வேண்டுமா, முழுக்கையா, வழக்கமான அளவே போதுமா என்பதை அவளே முடிவு செய்யட்டும். மறைக்கச் சொல்லி நீங்களாக வற்புறுத்தினால், அவளைப் பார்த்து நீங்கள் வெட்கப்படுகிறீர்கள் என்றுதான் எடுத்துக்கொள்வாள். யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒரு வாக்கியத்தை இரண்டு பேருமாகச் சேர்ந்து தயார் செய்யுங்கள். "அது பழசு சித்தி, ஆறிடுச்சு" என்பது போதும். அவள் அதைச் சொன்னவுடன் "சித்தி, பந்தி ஆரம்பிச்சுட்டாங்க, வாங்க" என்று நீங்கள் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். அந்த வேலை உங்களுடையது.

தழும்பு முதிர்ந்து நிறம் மங்க ஒன்று, ஒன்றரை வருடம்கூட ஆகும். காயம் முழுதாக ஆறியிருந்தால் தோல் மருத்துவரைக் கேட்டு சிலிகான் ஜெல் போடலாம். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் தொடர்ந்து போட வேண்டும், அடுத்த மாதக் கல்யாணத்துக்குள் மாயம் நடக்காது. வெயில் பட்டால் தழும்பு கறுக்கும், வெளியே போகும்போது சன்ஸ்க்ரீன் போடச் சொல்லுங்கள். கல்யாண வீட்டுக் கூட்டம், தூக்கமின்மை, "அடுத்து நீதான்" என்ற பேச்சு எல்லாம் சேர்ந்து பழைய உந்துதலைக் கிளப்பலாம். மண்டபத்தில் அவளுக்கென்று ஒரு அறைச் சாவியைக் கொடுத்து வையுங்கள், கூடப் போய் உட்கார ஒரு தோழியையும் அழைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.